பார் கம்பியில் உட்கார்ந்து பார்த்த ஊர்

அன்னவாசல் பக்கத்துப் பூமி கல்லும் செம்மண்ணுமாகக் கிடக்கிற பூமி. மழை பெய்தால் கண்மாய் பெருகி வயல் விளையும். பெய்யாவிட்டால் கல்தான் சோறு போடும். எங்கள் ஊரில் வயல் வைத்திருந்தவர்கள் சிலர், மற்ற எல்லோருக்கும் குவாரிதான். ஆண்கள் குழிக்குள் இறங்கி, வெடி வைத்துப் பெயர்த்த பாறையைச் சம்மட்டியால் பிளந்து மேலே ஏற்றுவார்கள். பெண்கள் மேலே, நாலு கம்பு நட்டுப் பனையோலை வேய்ந்த நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து ஜல்லி உடைப்பார்கள். அம்மா பழைய டயரை அறுத்து ஒரு வளையம் வைத்திருந்தாள். அந்த வளையத்துக்குள் கல்லை அணைத்து வைத்துச் சுத்தியலால் தட்டுவாள். வளையம் இல்லாவிட்டால் சில்லு தெறித்துக் கண்ணில் விழும். அப்படித் தெறித்து ஒரு கண் மங்கிப்போன அத்தை ஒருத்தி எங்கள் தெருவிலேயே இருந்தாள்.

அம்மாவின் நாள் கோழி கூவுவதற்கு முன்பே தொடங்கிவிடும். ஊரணித் தண்ணீர் புழங்கத்தான் ஆகும். குடிக்கவென்றால் பக்கத்து ஊர் அடிபம்புக்குப் போகவேண்டும். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். இருட்டில் போய் வெளுக்கும்போது திரும்புவாள். கஞ்சி காய்ச்சி, தூக்குவாளியில் ஊற்றி மூடி, எங்களை உலுக்கி எழுப்பிவிட்டுக் குவாரிக்கு நடப்பாள். பொழுது சாய்ந்து வரும்போது தைலமரக் காட்டில் பொறுக்கிய சுள்ளிக்கட்டு தலையில் இருக்கும். வந்த கையோடு அடுப்பு. நாங்கள் சாப்பிட்டு, அப்பா சாப்பிட்டு, அப்பத்தா சாப்பிட்டு, அவள் சாப்பிட உட்காரும்போது நான் பாதித் தூக்கத்தில் இருப்பேன். அவளுக்குப் பக்கத்தில் படுத்துத்தான் தூங்குவேன். தூங்கும்போதும் அவளுடைய வலது கை மூடியே இருக்கும், சுத்தியல் கைப்பிடியின் பருமனுக்கு இடம் விட்டு. விரல்களை ஒவ்வொன்றாக நான் பிரித்து வைப்பேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி மூடிக்கொள்ளும்.

அவள் கோபக்காரி இல்லை. யாரையும் ஏசினதாக நினைவில்லை. பேச்சே குறைவு. இன்றைக்கு யோசித்துப் பார்த்தால், பேசுவதற்கு ஒரு ஓய்வு வேண்டுமில்லையா, அந்த ஓய்வு அவளுக்கு வாய்க்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. ஊருக்குப் பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அதில் ஏறி அன்னவாசல் சந்தைக்குப் போவதற்குக்கூட அப்பாவுக்கு ஓய்கிற நாளாகப் பார்க்கவேண்டும். தனியாக எங்கேயும் போனதில்லை. போகவேண்டும் என்று சொல்லிக் கேட்டதும் இல்லை.

1991-ஆம் ஆண்டு. நான் நாலாம் வகுப்பு. ஒரு சாயங்காலம் மந்தையில் தப்புச் சத்தம் கேட்டது. ஊரில் சாவும் இல்லை, திருவிழாவும் இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் ஒரே மாதிரிச் சட்டை போட்ட பையன்களும் பெண்களும் வட்டமாக நின்று ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் முடிந்து ஒரு நாடகம். படிக்கத் தெரியாத ஒருவர் கைநாட்டு வைத்துத் தன் நிலத்தைப் பறிகொடுக்கிற கதை. பத்திரத்தை அவர் தலைகீழாகப் பிடித்துப் படிப்பதுபோல நடித்ததும் குழந்தைகள் நாங்கள் கைகொட்டினோம். பெரியவர்கள் யாரும் சிரிக்கவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் சுள்ளிக்கட்டை இறக்காமல் நின்றபடியே அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதுதான் அறிவொளி இயக்கம். முந்தின ஆண்டு கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றிருந்தது. அதன் வேகத்தில் நாட்டின் பல மாவட்டங்களில் இயக்கம் தொடங்கியது, எங்கள் புதுக்கோட்டையும் அதில் ஒன்று. கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் முன்னால் நின்றார். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்களும் ஆசிரியர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் ஊர் ஊராக இறங்கினார்கள். பாடம் சொல்லிக்கொடுத்த தொண்டர்களுக்குச் சம்பளம் கிடையாது. எங்கள் ஊருக்கு வாய்த்தவர், பிளஸ் டூ முடித்துவிட்டு மேலே படிக்க வழியில்லாமல் வீட்டில் இருந்த ஒரு அக்கா. அவருக்குச் சொந்தப் பெயர் என்று ஒன்று இருந்ததே மறந்துபோகும் அளவுக்கு ஊரே அவரை ‘அறிவொளி அக்கா’ என்று கூப்பிட்டது.

பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் ராத்திரி வகுப்பு. அரிக்கேன் விளக்கு இரண்டு, பாய் நாலைந்து. எங்கள் தெருப் பெண்களும் காலனிப் பெண்களும் முதல் நாள் எதிரெதிர் ஓரமாக உட்கார்ந்தார்கள். விளக்கு இரண்டுதானே, வெளிச்சம் நடுவில்தான் விழுந்தது. எழுத்துத் தெரியவேண்டுமே என்று ஒவ்வொருத்தியாக நகர்ந்து நகர்ந்து, சில நாட்களில் ஒரே பாயில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஊரில் அதற்கு முன் அப்படி ஒரு காட்சியை யாரும் பார்த்ததில்லை. அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் கலைந்திருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

நான் அம்மாவுக்குத் துணையாகப் போவேன். கோடு கோடாக இழுக்கிற எழுத்துகளில் தொடங்கினார்கள், ட, ப என்று. அம்மாவின் கையில் பல்பம் நிற்காது. சுத்தியலைப் பிடிக்கிற பிடியில் பிடித்துச் சிலேட்டில் வைத்து அழுத்துவாள், பட்டென்று ஒடியும். ஒடிந்த துண்டை எடுத்து எழுதுவாள், அதுவும் ஒடியும். கடைசியில் நகக்கண் அளவு துண்டு மிஞ்சும். அதைப் பிடிக்கும்போது அழுத்த முடியாது, அதனால் எழுத்து ஒழுங்காக வரும். இதைக் கண்டுபிடித்த பிறகு புதுப் பல்பத்தை வீட்டிலேயே ஒடித்து எடுத்துக்கொண்டு வர ஆரம்பித்தாள். ‘பட்டா’ என்று அவள் எழுதி முடித்த ராத்திரி சிலேட்டை அழிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து மாடாக்குழியில் சாய்த்து வைத்தாள். அப்பா அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. விளக்கைக் கொஞ்சம் கிட்டத்தில் நகர்த்தி இன்னொரு தடவை பார்த்தார்.

எழுத்து வந்ததும் பின்னாலேயே கணக்கு வந்தது. கணக்கு வந்ததும் குவாரியில் பேச்சு வந்தது. ஜல்லியை அளக்கிற பெட்டி எத்தனை, நோட்டில் எழுதியிருப்பது எத்தனை என்று பெண்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். அதே காலத்தில் மாவட்ட நிர்வாகம் அரசுக் குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்டது. மாவட்டத்தில் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட குவாரிகள் அப்படி ஆயிரக்கணக்கான பெண்களின் கைக்கு வந்தன. அம்மாவும் ஒரு குழுவில் சேர்ந்தாள். குழு என்றால் கூட்டம் உண்டு, பாங்கிக்குப் போகிற வேலை உண்டு, அன்னவாசலுக்கும் புதுக்கோட்டைக்கும் அலைச்சல் உண்டு. பஸ்ஸோ இரண்டே வேளை. சைக்கிள் எங்கள் வீட்டுக்குள் வந்தது இந்த வழியாகத்தான்.

இயக்கத்தில் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுப்பதையும் படிப்போடு சேர்த்தார்கள். இதை யோசித்தவர்களை நான் மனதாரக் கும்பிடுகிறேன். எழுதப் படிக்கத் தெரிந்த பெண் வீட்டுக்குள்ளேயே இருந்தால் அந்த எழுத்து துருப்பிடித்துப்போகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. முத்துபாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு ஒன்று அப்போது மாவட்டம் முழுக்கப் பரவியது. குவாரியிலும் களத்திலும் அடிபம்படியிலும் அதைத்தான் பாடினார்கள். பாட்டு முதலில் வந்தது, சைக்கிள் பின்னால் வந்தது என்றே சொல்லலாம்.

அப்பாவிடம் ஒரு அட்லஸ் இருந்தது. உயரமான ஆண்கள் சைக்கிள், நடுவில் பார் கம்பி. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த பொட்டலில் சாயங்காலம் பயிற்சி. நிலா இருந்தால் ராத்திரியும் உண்டு. சைக்கிள்கள் குறைவு, ஆட்கள் அதிகம். ஒருத்தி ஓட்டுவாள், இரண்டு பேர் கேரியரைப் பிடிப்பார்கள், மற்றவர்கள் கூடவே ஓடுவார்கள். பெண்களின் முதல் சிக்கல் சேலை. ஆண்பிள்ளை காலைப் பின்பக்கமாகத் தூக்கிப் போட்டு ஏறிவிடுவான். சேலை கட்டியவள் அப்படி ஏற முடியாது. கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகி, பாருக்கு மேலே முன்பக்கமாகக் காலைக் கொண்டுபோகவேண்டும். அதற்குள் சைக்கிள் சாயும். முதலில் ஏறவே வேண்டாம் என்றார் அக்கா. “இடது காலைப் பெடல்ல வையிங்க. வலது காலால தரையைத் தத்துங்க. தத்தித் தத்தியே போங்க, சைக்கிலு ஒங்களுக்குப் பழகட்டும்.”

அம்மா தத்தினாள். ஹேண்டில்பாரை அவள் பிடித்த பிடியில் சைக்கிள் மிரண்ட மாடு மாதிரி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. “கையைத் தளத்துங்க, அது எங்கயும் ஓடிறாது,” என்று அக்கா பின்னால் கத்தினார். அம்மா தளர்த்தினாள். அடுத்த நொடி சைக்கிள் மேலே, அம்மா கீழே. முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. காலனியிலிருந்து வந்த ஒரு சின்னம்மாதான் முதலில் ஓடிவந்து தூக்கினார். தூக்கும்போது அவரும் வழுக்கி விழுந்தார். இரண்டு பேரும் மண்ணில் உட்கார்ந்தபடி ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள் பாருங்கள், அந்தச் சிரிப்பை நான் அதுவரை கேட்டதில்லை. அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, மறுபடி சிரித்தாள். எனக்கு முதலில் பயமாக இருந்தது. பிறகு எனக்கும் சிரிப்பு வந்தது. பொட்டல் முழுக்கச் சிரித்தது.

அப்பத்தாவுக்குப் பிடிக்கவில்லை. “பொம்பளைக்கு எதுக்குடி சைக்கிலு? ஊரு சிரிக்கிது,” என்றாள். ஊர் சிரிக்கவும்தான் செய்தது. டீக்கடை பெஞ்சிலிருந்து விசிலும் வந்தது. பெண்கள் தனித்தனியாகப் போயிருந்தால் அந்த விசிலுக்கே பாதிப்பேர் வீட்டோடு இருந்திருப்பார்கள். பத்துப் பேராக, இருபது பேராகப் போனார்கள். விசில் அடித்தவனின் அக்காவே அந்தக் கூட்டத்தில் இருந்தாள், அப்புறம் அவன் எப்படி அடிப்பான்?

அப்பா என்ன நினைக்கிறார் என்று பல நாள் தெரியவில்லை. ஒரு காலையில் சைக்கிளைப் பார்த்த அம்மா அப்படியே நின்றாள். சீட்டு நன்றாக இறங்கியிருந்தது. ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு ஸ்பேனரைப் போட்டு அம்மாவின் கால் எட்டுகிற உயரத்துக்கு இறக்கி வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு அவர் அந்தச் சைக்கிளை ஓட்டும்போது முழங்கால் இரண்டும் ஹேண்டில்பாரை இடிக்கும். அப்படியே ஓட்டிக்கொண்டு போவாரே தவிர, மறுபடி அதை உயர்த்தவே இல்லை.

பெண்கள் சைக்கிளுக்குக் கடைகளில் தட்டுப்பாடு என்று பேசிக்கொண்டார்கள். கிடைத்தாலும் எங்கள் பக்கத்தில் பலர் ஆண்கள் சைக்கிளையே விரும்பினார்கள். காரணம் அந்தப் பார் கம்பி. அதில் ஒரு பிள்ளையை உட்கார வைக்கலாம், கேரியரில் இன்னொன்றை வைக்கலாம். நான் பாரில் உட்கார்ந்து போன பிள்ளை. துண்டை நாலாக மடித்துக் கம்பியில் சுற்றி என்னை ஏற்றுவாள். இரண்டு கையும் ஹேண்டில்பாரின் நடுவில், தலைக்கு மேலே அம்மாவின் மூச்சு. ஏற்றம் வந்தால் மூச்சு பெரிதாகும், இறக்கம் வந்தால் பாட்டாகும். நடந்தே பார்த்த பாதைதான், அதில் இப்போது காற்று இருந்தது. அரசமரம் சட்டென்று வந்து சட்டென்று போனது. கண்மாய்க்கரை முழுவதும் ஒரே வீச்சில் கண்ணுக்குள் வந்தது. கரையோரத்துப் புளியமரங்கள் வரிசையாக நட்டவை என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

1992 மார்ச் 8, பெண்கள் தினம். ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டை நகருக்குள் வந்தார்கள். ஒவ்வொரு ஹேண்டில்பாரிலும் கொடி. எங்கள் ஊர்ப் பெண்கள் விடியுமுன்பே கிளம்பினார்கள், நான் பாரில். நகருக்குள் நுழைந்ததும் எல்லோரும் ஒரே சமயத்தில் மணி அடித்தார்கள். மாடிகளில் ஆட்கள் வந்து நின்று பார்த்தார்கள். துணிக்கடைக்கு வெளியே நின்றிருந்த ஒரு பெரியவர் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தது நினைவிருக்கிறது. அம்மா மணியிலிருந்து கட்டை விரலை எடுக்கவே இல்லை. அந்த ஆகஸ்டில் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது.

பின்னாளில் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியதைப் படித்தேன். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் எங்கள் மாவட்டத்தில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள் என்று எழுதியிருந்தார். அந்தக் கட்டுரை வடக்கே எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில் பாடமாகவும் வந்தது. இதற்கிடையில் அரசே மேல்நிலைப் பள்ளி மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. வரிசையாகப் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பெண்பிள்ளைகளை இன்றைக்கு எந்த ஊரில் பார்த்தாலும் அந்தப் பொட்டலில் தத்தித் தத்திப் போன சேலைகள்தான் எனக்கு முதலில் தெரிகின்றன.

சைக்கிள் வந்த பிறகு எங்கள் வீட்டில் என்ன மாறியது என்று சொல்லவேண்டும். வருமானம் ஓரளவு கூடியது, அது குழுவினால். ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரியதாக ஒன்று கூடியது, நேரம். குடங்கள் பிளாஸ்டிக்காகிக் கேரியரின் இரண்டு பக்கமும் தொங்கின. அடிபம்புக்கு ஒரு நடை போய்வருகிற பொழுதில் இரண்டு நடை முடிந்தது. குவாரிக்கு நடக்கிற நேரம் மிஞ்சியது. சாயங்காலம் இருட்டுவதற்கு முன்பே அம்மா வீட்டில் இருந்தாள். அப்படி ஒரு வேளையில் அவள் வாசல் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்து “ஒடம்புக்கு முடியலையாம்மா?” என்று கேட்டேன். “நல்லாத்தான்டி இருக்கேன்” என்று என்னை இழுத்து மடியில் போட்டுத் தலையில் பேன் பார்த்தாள். பார்த்துக்கொண்டே தன் சின்ன வயதுக் கதை ஒன்றைச் சொன்னாள். அம்மாவுக்குச் சின்ன வயது ஒன்று இருந்தது என்பதே எனக்குப் புதிது. அவளுடைய ஊரில் நாவல் மரம் இருந்ததாம், அதில் ஏறி உலுக்குவது அவள்தானாம்.

இன்றைக்கு எனக்கு அம்மாவின் அப்போதைய வயதைவிட அதிகம். நல்லபடியாக, சந்தோஷமாக வாழ்வது எப்படி என்று சொல்கிற புத்தகங்கள் என் வீட்டு அலமாரியிலும் இருக்கின்றன. விடிந்ததும் நல்லதை நினை, கெட்ட எண்ணத்தைத் தள்ளு, உன்னை நம்பு என்கின்றன. அவற்றில் உண்மை உண்டு, எனக்கும் சில நேரம் கைகொடுத்திருக்கின்றன. ஆனாலும் அவை தனியே உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதரிடம் பேசுகிறவை, அவருக்கு ஓய்வு ஏற்கெனவே இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பேசுகிறவை. தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகக் குடம் சுமந்து வருகிறவளிடம் மனதை லேசாக வைத்துக்கொள் என்று எப்படிச் சொல்வது? அம்மாவின் நாள்தான் முதலில் மாறியது, மனம் அதன் பின்னால் வந்தது. அவள் அதைத் தனியாகச் செய்யவும் இல்லை. கேரியரை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள், கூடவே பத்துப் பேர் ஓடினார்கள், சீட்டை ஒருவர் இறக்கி வைத்தார், விழுந்தபோது கூட ஒருத்தி விழுந்தாள். ஒரு மனுஷி வளர்வதற்கு இத்தனை பேர் வேண்டியிருக்கிறது. இதை நான் உறுதியாக நம்புகிறேன், கண்ணால் பார்த்ததால் நம்புகிறேன்.

எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது அம்மாதான். மற்ற வீடுகளில் பிள்ளைகளுக்கு அப்பாவோ மாமாவோ கற்றுக்கொடுத்தார்கள். எட்டாத உயரத்துக்கு எங்கள் ஊர்ப் பையன்கள் எல்லோரும் குரங்குப் பெடல்தான் போடுவார்கள், பாருக்குக் கீழே காலை விட்டு, உடம்பை வளைத்துக்கொண்டு. அம்மா அதைத்தான் எனக்கும் சொல்லிக்கொடுத்தாள், தனக்கே தெரியாத வித்தையை, பையன்களை உன்னிப்பாகப் பார்த்து வைத்துக்கொண்டு. “சக்கரத்தப் பாக்காத, தூரமாப் பாரு,” என்று அக்காவின் குரலிலேயே சொன்னாள். அவள் பிடித்திருக்கிறாள் என்று நம்பி நான் ஓட்டிக்கொண்டே போனேன். திரும்பிப் பார்த்தால் அரசமரத்தடியில் சின்னதாக நின்றுகொண்டிருந்தாள், இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி.

அப்பத்தா விஷயமும் இருக்கிறது. அவளுடைய தங்கை இலுப்பூர்ப் பக்கம் வாக்கப்பட்டிருந்தாள். இரண்டு பஸ் மாறவேண்டும், அப்பத்தாவுக்கு முழங்கால் ஒத்துழைக்காது. தங்கைக்கு உடம்பு முடியவில்லை என்று ஒரு நாள் சொல்லிவிட்டார்கள். அப்பா குவாரியில். அப்பத்தா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். அம்மா சைக்கிளை எடுத்துத் திண்ணையை ஒட்டி நிறுத்தி, கேரியரில் ஒரு சாக்கை மடித்துப் போட்டாள். “ஏறுங்கத்த.” அப்பத்தா ஊரைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு திண்ணையிலிருந்தே ஒருசாய்த்து ஏறி, அம்மாவின் இடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மருமகளை அவள் அப்படிப் பிடித்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. இருட்டும் நேரத்தில் திரும்பினார்கள். அப்பத்தா இறங்கியதும் முதல் வேலையாக எதிர்வீட்டுக் கிழவியைக் கூப்பிட்டு, “பைய்யத்தான் ஓட்டுறாடி, வயித்துத் தண்ணி அலுங்கல,” என்றாள். தங்கை எப்படி இருக்கிறாள் என்பதை அதற்குப் பிறகுதான் சொன்னாள்.

இதற்கெல்லாம் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. குழுக் கூட்டம் இல்லை, சந்தை இல்லை, சாவு கல்யாணம் எதுவும் இல்லை. அம்மாவும் சின்னம்மாவும் இன்னும் ஐந்தாறு பேரும் சித்தன்னவாசலுக்குக் கிளம்பினார்கள். அன்னவாசலிலிருந்து கூப்பிடு தூரம். எங்கெங்கிருந்தோ காரில் வந்து பார்த்துப்போகிற மலை. அதன் அடிவாரத்தைச் சுற்றித்தான் இவர்கள் வயிறு வளர்த்தது, ஆனால் ஒருத்திகூட உள்ளே போனதில்லை. போய் என்ன செய்வது, நேரம் ஏது? கட்டுச்சோறு புளிச்சோறு, தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல்.

முதலில் ஏழடிப்பட்டம். மலைச்சரிவில் ஏறி, பாறையில் வெட்டிய படிகளைப் பிடித்துப் போனால் இயற்கையான ஒரு குகை. உள்ளே தரையில் சமணத் துறவிகள் படுத்த கற்படுக்கைகள், தலைக்குத் தலையணைபோலக் கல்லையே உயர்த்தி விட்டிருக்கிறார்கள். அதில் ஒன்றில் கிறிஸ்து பிறப்பதற்கு முன்னாலேயே வெட்டிய தமிழி எழுத்து. வந்தவர்கள் எல்லோரும் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எங்கள் பெண்கள் கல்லைப் பார்த்தார்கள். அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து உள்ளங்கையை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுத்தாள். மறுபடி புறங்கையால் இழுத்தாள். “உளி போட்ட தழும்பே தட்டல,” என்றாள். “இது கொத்துனதோட விடல, தேச்சிருக்காக. மணலும் தண்ணியும் போட்டு நாள்கணக்கா தேச்சிருக்காக.” சின்னம்மா விரல் கணுவால் தட்டிப் பார்த்து, “உள்ள சத்தம் கெட்டியா இருக்கு, வெடிப்பே ஓடாத கல்லாப் பாத்துல்ல எடுத்திருக்கான்,” என்றார். பக்கத்தில் நின்ற கண்ணாடி போட்ட ஒருவர் தன் குடும்பத்துக்கு விளக்கிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு இவர்கள் பேசுவதைக் கேட்டார். பிறகு அம்மாவிடம் ஏதோ கேட்டார். அம்மா கூச்சமில்லாமல் பதில் சொன்னாள், எந்தக் கல் சில்லாகத் தெறிக்கும், எது பாளமாகப் பிளக்கும், எது உளிக்கு ஒத்துவரும் என்று. கல்லைப் பற்றித் தனக்கு இவ்வளவு தெரியும் என்று அன்றைக்குத்தான் அவளுக்கே தெரிந்ததுபோல இருந்தது.

கீழே இறங்கி அறிவர் கோயிலுக்குப் போனோம். வாசலில் தொல்லியல் துறையின் பலகை. அம்மா எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்தாள். “பா-து-காக்-கப்-பட்-ட” என்ற இடத்தில் மூச்சு வாங்கிவிட்டு முழுதாக ஒரு தடவை சொன்னாள். சாவி வைத்திருந்த காவலர் பொறுமையாகக் காத்திருந்து, வாசித்து முடித்த பிறகே திறந்தார். உள்ளே குனிந்து போய் அண்ணாந்து பார்த்தால் கூரை முழுக்கத் தாமரைக் குளம். பாண்டியர் காலத்து, ஒன்பதாம் நூற்றாண்டின் வண்ணம். இலைக்கு நடுவில் மீன் துள்ளுகிறது, அன்னம் நீந்துகிறது, யானை இறங்கியிருக்கிறது, எருமைகூட உண்டு. பூப்பறிக்கிறார்கள் மூன்று பேர், ஒருவர் தோளில் தண்டோடு தாமரை. கழுத்து வலிக்கிற வரை பார்த்தார்கள். ஒருத்தி மொட்டுகளை எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டு, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். “நம்ம ஊரணியில தாமரை வச்சா வருமாக்கா?” என்று இன்னொருத்தி அம்மாவிடம் கேட்டாள். “மண்ணு பிடிச்சா வரும்” என்றாள் அம்மா.

வெளியே மரத்தடியில் புளிச்சோற்றைப் பிரித்தார்கள். காலனி வீட்டுத் துவையல் எங்கள் வீட்டுச் சோற்றுக்கு வந்தது. எங்கள் வீட்டு வடகம் அங்கே போனது. சாப்பிட்டு முடித்ததும் அடுத்த ஞாயிறு எங்கே என்ற பேச்சு. நார்த்தாமலை என்றார் சின்னம்மா, அங்கே விசயாலய சோழீஸ்வரம் இருக்கிறது, மலை மேலேயே கோயில். அவ்வளவு தூரம் மிதிக்க முடியாது என்றாள் ஒருத்தி. முடியும், வழியில் இறக்கம்தான் என்றாள் இன்னொருத்தி. அம்மா குடுமியான்மலை என்றாள். அங்கே பாறையில் சங்கீதத்தைப் பற்றி எழுத்து வெட்டியிருக்கிறது என்று அறிவொளி அக்கா சொல்லியிருந்தாராம், அந்தப் பாறை எப்படிப்பட்டது என்று தட்டிப் பார்க்கவேண்டுமாம். பேச்சு வளர்ந்து வாக்குவாதமாகி, கடைசியில் குச்சி ஒடித்துப் போட்டுப் பார்க்கலாம் என்று முடிவானது. குச்சியை என் கையில் கொடுத்தார்கள். குடுமியான்மலை விழுந்தது. அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து தள்ளினாள். “கெளம்புங்கடி, பொழுதோட போனாத்தான் தண்ணி பிடிக்கலாம்,” என்றாள்.